மூன்றாவது பாட்டில் ஒரு பெல்ட்

வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டுக்கு
எங்கள் இரண்டாவது ஆல்பம் வெளியானது.
பன்னிரண்டே காலுக்கு
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
செல்போன் கடை மெர்பின்
ஸ்குரூ டிரைவரோடு ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
"கரகரன்னு கேட்டுதுலே. கோன் கிழிஞ்சுட்டுன்னு நெனச்சேன்."
கிழியவில்லை. அது ஷாஜனின் கிதார்.

முதல் ஆல்பத்தில் ஒன்பது பாட்டு.
ஒன்பதும் கூடவே பாடலாம்.
தக்கலையில் கல்லூரி விழா, கருங்கல்லில் கல்யாண வீடு,
எங்கே போனாலும் எங்களுக்கு முன்பே
கூட்டம் பாடி முடித்துவிடும்.
டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு
நாங்கள் வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

அதனால்தான் மைக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தோம்.
குலசேகரத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் உருளை.
முப்பந்தலில் காற்றாடியின் அடியில் மல்லாந்து படுத்து
இறக்கை கீழே வரும்போது விடுகிற மூச்சு.
குளச்சல் ஐஸ் பிளான்டில், விடியற்காலை மூன்று மணிக்கு,
பார் உடைக்கும் மெஷின்.
அதுதான் மூன்றாவது பாட்டு.
பதினோரு நிமிஷம். வார்த்தை கிடையாது.
மெஷினும் நானும் மட்டும்.

சனிக்கிழமை முழுக்க போன்.
எங்கள் பழைய பாட்டை ரிங்டோனாக வைத்திருந்த அனுஷியா
"இதுல எந்த எடத்துல அழணும்?" என்றாள்.
கேலியில்லை. உண்மையிலேயே கேட்டாள்.
"முதல்ல உள்ளது கொள்ளாம்" என்று மட்டும் சொல்லி
வைத்துவிட்டான் அவள் தம்பி.
பேஸ் வாசிக்கும் விஜினுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டில்
பையனுக்கு மனசில் ஏதும் சங்கடமா என்று
புரோக்கரிடம் விசாரித்தார்களாம்.
அப்பா இரண்டு தடவை எழுந்துபோய்
தண்ணி மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து
ஜெபிஷா அனுப்பியிருந்தாள்:
'நாலு நாளா தூக்கமில்ல. ஏழாவது பாட்டுல தூங்கிட்டேன்.'
ஷாஜன் அதை வசவுக் கணக்கில் சேர்த்தான்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சென்னையிலிருந்து ஒருவர் எழுதினார்:
மூன்றாவது பாட்டில் ஏழு தட்டாகப் போகும் தாளம்
பதின்மூன்றாவது சுற்றில் வேண்டுமென்றே தடுக்குகிறது,
இந்த டிரம்மர் துணிச்சல்காரர்.
ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்.
ஞாயிறு பூசை முடிந்து இறங்கியவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

திங்கட்கிழமை ஐஸ் பிளான்டில்
ததேயூஸ் அண்ணன்
ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.
மறு காது மெஷினுக்கு வேண்டுமாம்.
கையுறையில் ஐஸ் தூள், கண் வள்ளங்களின் பக்கம்.
பதினோரு நிமிஷமும் நின்று கேட்டார்.
அதுவரை யாரும் முழுசாகக் கேட்டதாகச் சொல்லவில்லை.

"நம்ம ரெண்டாம் நம்பர்தான்" என்றார்.
"பெல்ட் லூசு. அந்த எடத்துல வழுக்குது, கேட்டியா?
நீயும் கூடச் சேர்ந்து வழுக்குத, மக்கா."

புதன்கிழமை பெல்ட் அறுந்தது.
ரெண்டு வள்ளத்துச் சாளை பாதி விலைக்குப் போனதை
அவரே போனில் சொன்னார்.
"மொதலாளிகிட்ட எத்தன தடவ சொன்னேன்.
ஒங்க பாட்டப் போட்டுக் காட்டியிருக்கணும்.
சரி, புது பெல்ட் போட்டாச்சு.
வந்து நல்லபடியா ஒருக்கா பிடிச்சுட்டுப் போங்கடே."

போனேன், மைக்கோடு, மூன்று மணிக்கு.
மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.
வழுக்கல் இல்லை.
இரண்டாவது நிமிஷத்திலேயே
தலை தானாக ஆட ஆரம்பித்தது,
எங்கள் முதல் ஆல்பத்துக்கு ஆடுகிற மாதிரி.

ததேயூஸ் அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.
நானும் தூக்கிக் காட்டினேன்.
ரெக்கார்டரை ஆன் செய்யவே இல்லை என்பதை
இன்னும் அவரிடம் சொல்லவில்லை.